விற்கக் கூடாத போத்தல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தயிர் தோய்க்க உறைமோர் தீர்ந்துபோனால், ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சி. அந்த உறைமோருக்கு யாரும் காசு வாங்கியதில்லை. கிண்ணத்தை நீட்டும்போதே, "பால் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும் அக்கா, அப்புறம் ஊத்துங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். மறுநாள் தயிர் கெட்டியாக வந்ததா என்ற விசாரிப்பும் உண்டு. புளித்திருந்தால் புளித்தது என்றே சொல்வார்கள். கொடுத்தவர் கோபித்துக்கொள்வதில்லை.

பொருள், செய்முறை, ஒளிவுமறைவற்ற விமர்சனம் ஆகிய மூன்றும் ஒரே கிண்ணத்தில் கைமாறிய அந்தப் பழக்கத்தை, வேறொரு நாட்டில் வேறொரு பொருளை வைத்துக் காப்பாற்றி வருகிறது ஒரு கூட்டம். அவர்கள் அமெரிக்காவில் வீட்டு அடுக்களையிலேயே பீர் காய்ச்சுபவர்கள். காய்ச்சிய பீரை விற்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கொடுக்கிறார்கள். ஒரு போத்தல் கொடுத்து ஒரு போத்தல் வாங்குகிறார்கள். கூடவே செய்முறைத் தாளையும் கொடுத்துவிடுகிறார்கள்.

பீர் என்ற சொல்லைக் கேட்டதும் சில வீடுகளில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்திருப்பார்கள். அதில் தவறில்லை. கள்ளும் சம்சுவும் எத்தனை தோட்டக் குடும்பங்களின் சம்பள நாளை விழுங்கின என்பது எல்லாரும் அறிந்த கதை. சமயம் தடுப்பதால் மதுவைத் தொடாதவர்களும் இந்நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள். குடிக்கச் சொல்வது இவ்வுரையின் நோக்கம் அன்று. காசு கைமாறாமல் ஒரு கலை எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் பேசப்படும் பொருள்.

முதலில் அந்தப் போத்தலுக்குள் இருப்பது என்ன என்று பார்க்கலாம். பார்லியை ஊறவைத்து, முளை விட்டதும் உலர்த்தி வறுத்தால் கிடைப்பது மால்ட். பிள்ளைகள் குடிக்கும் மைலோவின் மணத்துக்கு அந்த மால்ட்டும் ஒரு காரணம். நொறுக்கிய மால்ட்டை 65 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் போல நீரில் ஊறவிட்டால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வடித்தெடுத்த அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களோடு கொதிக்க விடுவார்கள். ஹாப்ஸ் கசப்பைத் தருகிறது. கெட்டுப்போகாமல் காக்கவும் செய்கிறது. பிறகு விரைவாக ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் வெளியிடும். இட்லி மாவு இரவில் பொங்குவதற்குப் பின்னால் உள்ள நொதித்தல் வேலைதான் இதுவும், வேலை செய்யும் நுண்ணுயிர் பெரும்பாலும் வேறு என்றாலும்.

வழக்கமாக ஒரு தடவைக்கு 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் காய்ச்சுவார்கள். சுமார் 50 போத்தல் தேறும். போத்தலில் அடைக்கும்போது சிறிதளவு சர்க்கரை சேர்த்து மூடியை இறுக்குவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையையும் தின்று வாயுவை விடும். வெளியேற வழியில்லாத வாயு பீரில் கரைந்து, திறக்கும்போது நுரையாகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் அடியில் மெல்லிய வண்டலாகப் படிந்துவிடும். இந்த வண்டலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது உயிருள்ள வண்டல். பொறுமை உள்ளவர் பீரைக் குடித்துவிட்டு, அடியில் இருப்பதைக் கொஞ்சம் மால்ட் நீரில் விட்டு வளர்த்து, தம்முடைய அடுத்த காய்ச்சலுக்குப் பயன்படுத்திக்கொள்வார். அந்த வகையில் அது உறைமோரேதான்.

இதில் ஆபத்தும் உண்டு. நொதித்தல் முடிவதற்குள் அவசரப்பட்டு அடைத்தாலோ, சர்க்கரை அதிகமாகிவிட்டாலோ, போத்தலுக்குள் அழுத்தம் ஏறி அது வெடிக்கும். கண்ணாடிச் சிதறல் அலமாரிக் கதவையே பதம் பார்த்துவிடும். கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்திருந்தால் வெடிப்பது வாங்கியவர் வீட்டில். முகம் தெரியாத ஒருவர் நீட்டும் போத்தலை வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பது சாதாரண நம்பிக்கை இல்லை.

விஷச் சாராயச் செய்திகளைப் படித்தவர்களுக்கு வேறோர் ஐயம் எழும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மது குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். பார்லியை நொதிக்கவைத்து எடுக்கும் பீரில் அவ்வளவு மெத்தனால் உருவாவதில்லை. பலர் ஒரேயடியாகச் சாகும் இத்தகைய துயரங்களுக்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலை மெத்தனாலை மதுவில் கலந்து விற்பது. விற்பனை லாபத்துக்காகச் செய்யும் அந்தக் கலப்படத்தையும், நொதிக்க மட்டுமே விட்டு எடுக்கும் பீரையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கச் சட்டமும் வீட்டில் நொதிக்கவைப்பதற்குத்தான் இடம் கொடுத்தது. காய்ச்சி வடித்துச் சாராயம் இறக்குவது அந்தச் சலுகையில் சேரவில்லை.

பழங்காலத்தில் பீர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் அதைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஹாப்ஸ் சேராத அந்நாளைய பீர் சில நாளிலேயே புளித்துவிடும். ஒரு வீட்டில் காய்ச்சியது மிஞ்சினால் அக்கம்பக்கத்தார் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த முறை வேறு வீடு காய்ச்சும். ஹாப்ஸ் வந்து, பீர் கெடாமல் நிற்கத் தொடங்கிய பிறகுதான் தொழில் மெல்லப் பெரிய ஆலைகளின் கைக்குப் போனது. அதோடு பூட்டும் சாவியும் வந்தன.

அந்தப் பூட்டைத் திறக்க நடந்த திருட்டுகளில் ஒன்று சுவையானது. 1833இல் மியூனிக் நகரத்துக் காப்ரியல் செட்ல்மாயரும் வியன்னாவின் அன்டன் டிரெஹரும் பிரிட்டனின் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். இருவரும் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளைகள். கையில் இருந்ததோ உள்ளே குழாயாகக் குடைந்து அடியில் அடைப்பிதழ் பொருத்திய கைத்தடி. விருந்தளித்தவர் பார்க்காத நேரம் அதை நொதிக்கும் தொட்டியில் அமிழ்த்தி எடுத்துக்கொண்டு, விடுதிக்குத் திரும்பி, மாதிரியின் அடர்த்தியை அளந்தார்கள். பின்னாளில் ஐரோப்பியப் பீரின் போக்கையே மாற்றிய இருவர் இப்படித்தான் பாடம் படித்தார்கள்.

அதே செட்ல்மாயரிடமிருந்து 1845இல் டென்மார்க்கின் ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன் ஈஸ்ட் வாங்கிச் சென்றார். குதிரை வண்டி நின்ற இடத்திலெல்லாம் தகரப் பாத்திரத்தின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே, அந்த ஈஸ்ட் சாகாமல் கோபன்ஹேகன்வரை கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இரண்டே ஆண்டில் அவர் தொடங்கிய ஆலைதான் கார்ல்ஸ்பெர்க். ஷா ஆலம் பக்கம் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுக்கும் வழியைக் கண்டார். காய்ச்சிய பீர் அடிக்கடி காரணம் தெரியாமல் கெட்டுப்போன காலம் அது. ஆலைக்காரர்களுக்கு அது பெரிய நோய். மருந்தைக் கண்டுபிடித்தவர் அதைப் பூட்டி வைத்திருந்தால் போட்டியாளர்களை எல்லாம் விழுங்கியிருக்கலாம். ஜேக்கப்சனோ, ஆய்வுக்கூடத்தின் பயனுள்ள முடிவு எதையும் மறைத்து வைக்கக் கூடாது என்று முன்பே விதி செய்துவைத்திருந்தார். வழிமுறை அச்சிடப்பட்டது, ஈஸ்ட்டும் பிற ஆலைகளுக்குக் கொடுக்கப்பட்டது. உறைமோர் கொடுத்த மனம்தான்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கு 1920இலிருந்து 1933வரை நாடு முழுதும் மதுவிலக்கு. அது நீங்கிய பிறகு வீட்டில் திராட்சை மது செய்துகொள்வது சட்டப்படி செல்லும் என்றானது. பீருக்கு மட்டும் அந்த அனுமதி கிடைக்கவில்லை. சட்ட வாசகத்தில் "பீரும்" என்று பொருள்படும் ஒரு சிறு சொற்றொடர் எழுத்தர் கைத்தவறால் விடுபட்டுப்போனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. 45 ஆண்டுகள் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்தது. அடுக்களையில் கணவர் பீர் காய்ச்சினால் குற்றம். அதே அடுக்களையில் மனைவி திராட்சை மது செய்தால் குற்றமில்லை.

சட்டம் அப்படி இருந்தும் மக்கள் காய்ச்சினார்கள். கடையில் கிடைத்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே ருசி. 1970களின் இறுதியில் அந்தப் பெரிய தேசத்தில் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகளே இருந்தன. வேறு ருசி வேண்டுமானால் தானே காய்ச்ச வேண்டும். புத்தகம் குறைவு. நல்ல ஹாப்ஸ் கிடைப்பது அரிது. எனவே தெரிந்தவரைத் தேடிப் போனார்கள். 1974இல் லாஸ் ஏஞ்சலஸில் 'மால்டோஸ் பால்கன்ஸ்' என்ற கழகம் தொடங்கியது. பழைய துப்பறியும் கதை ஒன்றின் பெயரை மால்ட் சர்க்கரையின் பெயரோடு பிசைந்து வைத்த பெயர் அது. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் இத்தகைய கழகங்களில் அதுவே மூத்தது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பபாஸியன் என்ற இளைஞர் பகலில் சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியர்; மற்ற வேளையில் பெரியவர்களுக்குப் பீர் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். படித்தது அணுப் பொறியியல். பிள்ளைகளோடு பழகியதால் வந்ததோ என்னவோ, பயந்தவனையும் அடுப்படிக்குக் கூட்டிவரும் எளிமை அவருடைய எழுத்தில் இருந்தது. 1984இல் வந்த அவருடைய கையேட்டைப் படித்துத்தான் ஒரு தலைமுறையே காய்ச்சக் கற்றது என்றால் மிகையன்று.

சட்டம் மாறியது 1978இல். அது மாறிய விதம் வேடிக்கையானது. லாரி, பேருந்து, டிராக்டர் ஆகியவற்றின் வரி பற்றிய ஒரு மசோதா.  கலிபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் வீட்டுப் பீருக்கான திருத்தத்தை அதில் சேர்க்கவைத்தார். அக்டோபர் 14ஆம் நாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவர் அல்லது மேற்பட்டோர் இருந்தால் 200 காலன்வரை வரியின்றிக் காய்ச்சலாம். ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது. விதிமுறையில் இன்னொரு வரியும் உண்டு. காய்ச்சிய பீரை வீட்டுக்கு வெளியே கூட்டங்களுக்கும், இல்லத்தரசிகளின் சமையல் போட்டி போன்ற போட்டிகளுக்கும், சுவை பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கும் எடுத்துச் செல்லலாம் என்கிறது அது. ஊறுகாய்ப் போட்டியையும் பீரையும் ஒரே வரிசையில் வைத்த சட்ட வரைவாளரைப் பாராட்டத்தான் வேண்டும். போத்தல் கைமாறுவதற்கு வழிவிட்டது அந்த வரிதான்.

அதே 1978 டிசம்பரில் பபாஸியனும் நண்பரும் அமெரிக்க வீட்டுப் பீர்க் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் இதழின் முதல் வெளியீடே சட்டம் மாறிய செய்தியைத் தாங்கி வந்தது.

ஒரு கழகத்தின் மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்? பழுப்பு நிறப் போத்தல்களோடு வருவார்கள். பழுப்பு நிறம் அழகுக்காக இல்லை. ஹாப்ஸின் கசப்புச் சத்து வெளிச்சம் பட்டால் மாறி, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைத் தரும். தெளிந்த கண்ணாடி அதைத் தடுக்காது; பழுப்பு பெரும்பாலும் தடுக்கும். போத்தலில் பெயர்ச்சீட்டு இருக்காது. மூடியின் மேல் பேனாவால் ஓர் எழுத்தோ எண்ணோ மட்டும். கூடவே ஒரு தாள். எந்த மால்ட் எத்தனை பவுண்டு, எந்த ஹாப்ஸை எத்தனையாவது நிமிடத்தில் போட்டது, எந்த ஈஸ்ட், எத்தனை பாகைச் சூட்டில் நொதித்தது, தொடக்க அடர்த்தி என்ன, முடிவு அடர்த்தி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். தவறு செய்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். இந்தத் தாளை ஒளிப்பவரைக் கூட்டத்தில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

பிறகு ஊற்றி, மோந்து, சுவைத்துச் சொல்வார்கள். இங்கேதான் இந்தக் கைமாற்றத்தின் உயிர் இருக்கிறது. தன் அடுக்களையின் குறை தன் மூக்குக்குத் தெரியாது. வாரக்கணக்கில் அந்த வாடையிலேயே இருந்தவனுக்கு அது பழகிவிடும். அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். வெண்ணெய் வாசனை அடித்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே குளிர்வித்துவிட்டார்கள் என்று பொருள், அல்லது கிருமி புகுந்திருக்கலாம். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அவசரம். பீர் இன்னும் பக்குவப்படவில்லை. வேகவைத்த சோள வாசனை மூடியைப் போட்டுக் கொதிக்கவைத்ததால் வரலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் போத்தலில் அடைக்கும்போது காற்றோடு கலந்துவிட்டது. இவ்வளவையும் காய்ச்சியவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவரும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

1985இல் பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பு ஒன்றும் உருவானது. அதன் மதிப்பெண் தாள் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த எண்ணத்துக்கு 10. பளபளப்பான நிறத்தை நம்பி வருகிறவருக்கு அந்த 3 ஒரு பாடம். மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், எங்கே தவறு, எப்படித் திருத்தலாம் என்றும் நடுவர் எழுத வேண்டும். 1979இலிருந்து நடக்கும் தேசியப் போட்டியில் வென்றவர்களின் செய்முறை சங்கத்தின் இதழில் அச்சாவது வழக்கம். வேறு தொழிலில் என்றால் வென்றவன் முதலில் செய்முறையைப் பூட்டி வைப்பான்.

செய்முறைத் தாள் மட்டும் போதாதா, போத்தல் எதற்கு என்று கேட்கலாம். போதாது. தாளில் நீரைப் பற்றி எழுதுபவர் குறைவு. இங்கிலாந்தின் பர்ட்டன் நகர நீரில் ஜிப்சம் அதிகம். அதனால்தான் அவ்வூரின் வெளிர்நிறப் பீரில் கசப்பு கூர்மையாக எழும். அதே அளவுகளை மென்மையான நீரில் போட்டால் பீர் மந்தமாக இருக்கும். ஈஸ்ட்டும் அப்படியே. பலவகை ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 20 பாகை ஏற்ற சூடு. 30 பாகை தாண்டும் சிங்கப்பூர் அடுக்களையில் அதையே விட்டுவைத்தால், பழ வாடையும் வார்னிஷ் நெடியும் கிளம்பும். ஒரு குளிர்பெட்டியை இதற்கென்றே ஒதுக்கினால்தான் சரிப்படும். ஆகையால் தாளை வாங்கிக் காய்ச்சியவர் தம் போத்தலோடு திரும்பி வருகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

சட்டம் திறந்துவிட்ட கதவு எல்லா ஊரிலும் ஒரே நாளில் திறக்கவில்லை. அமெரிக்காவில் மாநிலங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013வரை வீட்டுப் பீரைத் தடை செய்தே வைத்திருந்தன. ஓரிகன் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அது ஹாப்ஸ் விளையும் பூமி. பீர்ப் பிரியர்களின் ஊர். 2010இல் மாநில அதிகாரிகள் பழைய சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்து, வீட்டில் காய்ச்சியதை வீட்டில்தான் குடிக்கலாம், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று விளக்கம் கொடுத்தார்கள். மாநிலக் கண்காட்சியின் வீட்டுப் பீர்ப் போட்டி நின்றுபோனது. கழகக் கூட்டத்துக்கு ஒரு போத்தலை எடுத்துச் செல்வதும் குற்றம் என்றானது. காய்ச்சுவோர் சட்டமன்றத்தை நாடினார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சும் உரிமை அவர்களிடமிருந்து பறிபோகவே இல்லை. பறிபோனது பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் உரிமை. அதற்கே அவ்வளவு கொதித்தார்கள்.

இன்றும் அந்நாட்டு அஞ்சல் துறை வழியாகப் பீரை அனுப்ப முடியாது. தூரத்து நண்பருக்குப் போத்தல் போக வேண்டுமானால், அந்தப் பக்கம் பயணம் போகும் ஒருவர் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துப் போவதுதான் நம்பகமான வழி. ஊருக்குப் போகிறவரிடம் முறுக்கு டின் கொடுத்தனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

செய்முறையைக் கேட்டு வாங்கும் இந்தப் பழக்கம் வெள்ளை மாளிகையையே ஒருமுறை அசைத்தது. அதிபர் பராக் ஒபாமா காலத்தில், 2011இல், மாளிகையின் சமையல்காரர்கள் தோட்டத்துத் தேன்கூட்டிலிருந்து எடுத்த தேனைச் சேர்த்துப் பீர் காய்ச்சினார்கள். செய்தி பரவியது. 2012 ஆகஸ்ட்டில் வீட்டுப் பீர்க் காய்ச்சுவோர், செய்முறையை வெளியிடுங்கள் என்று வெள்ளை மாளிகைக்கே மனுப் போட்டார்கள். பதில் வர 25,000 கையெழுத்து வேண்டும் என்பது அன்றைய விதி. சேர்ந்ததோ அதில் பாதி அளவு. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பார்த்தார்கள். விதியை நீட்டிப் பிடித்துப் பேசாமல் இருந்திருக்கலாம். செப்டம்பர் முதல் நாள் செய்முறை வெளியானது. ஒரு பவுண்டு தேன், கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் என்ற இரு ஆங்கில ஹாப்ஸ் வகைகள், கொஞ்சம் ஜிப்சம் என்று எல்லாமே அளவோடு இருந்தன. அரசாங்க ரகசியங்கள் அவ்வளவு சுலபமாக வெளிவருவதில்லை.

இங்கே நிலைமை வேறு. மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விளையாட்டாக முயன்று பார்க்கும் காரியம் அன்று. சிங்கப்பூரில் நொதிக்கவைக்கும் மதுவுக்கு மட்டும், சொந்தப் பயனுக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்வரை இடமுண்டு. அங்கும் விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்க்க அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. சரவாக்கில் ஜூன் முதல் நாள் கவாய் பெருநாள். இபான் மக்களின் நீண்டவீட்டில் ஒவ்வொரு குடும்பமும் பசையரிசியும் ராகி என்ற நொதிக்கட்டியும் சேர்த்து துவாக் செய்து வைத்திருக்கும். விருந்தாளி ஒவ்வொரு வாசலிலும் சுவைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே அரிசி, ஒரே முறை. ஆனால் வாசலுக்கு வாசல் ருசி வேறு. யார் வீட்டுத் துவாக் இவ்வாண்டு நன்றாக வந்தது என்பது நீண்டவீடு முழுக்கப் பேச்சாக இருக்கும்.

மீண்டும் கலிபோர்னியா. அம்மாநிலத்தின் சீக்கோ என்ற சிற்றூரில் 1976இல் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் வீட்டில் பீர் காய்ச்சத் தேவையான சாமான்கள் விற்கும் கடையைத் தொடங்கினார். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே தானும் கற்றார். 1980இல் பால் பண்ணைகளிலிருந்து கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கி ஒட்டவைத்து, நண்பரோடு சியரா நெவாடா என்ற ஆலையைத் தொடங்கினார். வீட்டில் காய்ச்சியவன் கடைக்கு விற்கத் துணிந்த காலம் அது. வெளிர்நிறப் பீர் நினைத்தபடி ஒரே மாதிரி வரும்வரை பல தொட்டிகளைச் சாக்கடையில் கொட்டினார் என்பார்கள். பின்னாளில் அந்த ஆலை நாட்டின் பெரிய சிற்றாலைகளில் ஒன்றானது. அதன் போத்தலின் அடியில் தங்கும் வண்டலை எடுத்து வளர்த்துத் தம் பீருக்கு உறையாக ஊற்றிய அடுக்களைகள் எத்தனையோ. அதை அந்த ஆலை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அமெரிக்காவில் இன்று ஆலைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. அவற்றை நடத்துவோரில் மிகப் பலர் தொடங்கிய இடம் சொந்த அடுப்புதான்.

2018 நவம்பர் 8ஆம் நாள் சீக்கோவுக்கு அருகில் காட்டுத்தீ பிடித்தது. பாரடைஸ் என்ற ஊர் ஒரே நாளில் சாம்பலானது. 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆலையின் ஊழியர்களிலும் வீடிழந்தோர் இருந்தனர். கிராஸ்மன் ஒரு பீர் காய்ச்சத் திட்டமிட்டார். அதன் செய்முறையை அப்படியே நாட்டின் எல்லா ஆலைகளுக்கும் அனுப்பி, நீங்களும் இதையே காய்ச்சுங்கள் என்று கேட்டுக்கொண்டார். போட்டியாளர் என்றும் பாராமல் 1,400க்கும் மேற்பட்ட ஆலைகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டின. மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் தரும் வணிகர்கள் தங்கள் பங்கை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பீர் விற்பனைக்குப் போனது. விற்ற காசு தீயில் எல்லாம் இழந்தவர்களுக்குப் போனது.